ஓபிரி குடிக்காத தண்ணீர்

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் சபை ஊழியக்காரர் ஓபிரி நின்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். குமாசி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் குடியிருக்கும் தெரு. புரொஃபசர் துவுமாசி வீட்டுச் செம்பருத்தி வேலி ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது. உள்ளே சிரிப்பது யார் என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். மூன்று மாதமாக அந்தச் சிரிப்பு ஓபிரிக்குள் சொத்தைப் பல் மாதிரி குடியிருந்தது. ஆனாலும் வலிக்கிற பல்லை நாக்கு தொடாமல் இருக்குமா? இலைகளை விலக்கிப் பார்த்தார்.

மாமரத்தடியில் வழக்கமான கூட்டம். நாலைந்து பேராசிரியர்கள், பீர் பாட்டில்கள், பெரிய சட்டியில் ஆவி பறக்கும் ஆட்டுக்கறிச் சாறு. நடுவில் பல்லாங்குழி மாதிரியான ஓவாரே பலகை. குழிக்குக் குழி கொட்டை விழும் சத்தம். பலகைக்கு ஒரு பக்கம் துவுமாசி, எதிர்ப்பக்கம் சபைக்குப் புதிதாக வந்த ஊழியக்காரி மாவுசி. செருப்பைக் கழற்றிப் போட்டு, ஒரு காலை மடித்து, சொந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய் பொண்ணே, எங்க ஊர் ஆட்டத்த எங்கிட்டயே காட்டறியா?"

"உங்க ஊர் ஆட்டமாப்பா? எங்க வோல்டா பக்கத்துல இத தவழற பிள்ளைங்க ஆடும்."

"அப்ப நான் தோத்தா?"

"தவழப் போங்க."

கூட்டம் தொடையைத் தட்டிச் சிரித்தது. கிழவர் துவுமாசி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓபிரிக்கு அடிவயிற்றில் தீ வைத்த மாதிரி இருந்தது. அப்பாவாம், பொண்ணாம். இவரை அந்த மனுஷர் ஒரு நாளும் தாய்மொழியில் கூப்பிட்டதில்லை. எட்டு வருஷமாக ஒரே வார்த்தை: "குட் ஈவினிங், மிஸ்டர் ஓபிரி." இவரும் அவரும் ஒரே மண், ஒரே பாஷை. மாவுசிக்கோ இந்தப் பாஷை கற்றுக்கொண்ட பாஷை. பாதி வார்த்தையைக் கடித்துத் துப்புவாள். அவளுக்கு அந்தப் பாஷையில் பேச்சு, இவருக்கு இங்கிலீஷ்.

துவுமாசி எழுந்து பானையிலிருந்து சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டார். வாய்க்குள் தன் தகப்பன் பேரை முணுமுணுத்து இரண்டு சொட்டு மண்ணில் விட்டார். பிறகு குடுக்கையை மாவுசியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு வாயில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு தடித்த பேராசிரியர் சாறு ஊற்றிக்கொள்ள எழுந்து நடுவில் மறைத்தார். அவர் விலகியபோது குடுக்கை துவுமாசியின் கையில் இருந்தது. தலைகீழாக. வாய் மண்ணைப் பார்த்து. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

குடித்த மிச்சத்தைப் பழைய வழக்கப்படி பூமிக்கு ஊற்றிவிட்டார்கள். செத்தவர்களுக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறார்கள், சபை விலக்கிய அந்தக் காரியத்தில் ஊழியக்காரியும் சேர்ந்துவிட்டாள்.

ஓபிரி இலைகளை விட்டார். பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு பாரம் தோளிலிருந்து இறங்கியது. வீடு போகிற வழியெல்லாம் அவர் சீட்டியடித்தார். கல்யாணமான புதிதில் அடித்தது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

பல்கலைக்கழக ஊழியம் ஓபிரி கையில் வந்து எட்டு வருஷம். படித்துப் பட்டம் வாங்கி, பிள்ளையை லண்டனுக்கு அனுப்பி, கோயில் பக்கமே தலைவைக்காமல் போய்விட்ட பெரிய மனுஷர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்காக அவரை அக்ராவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிர்சாதனம் போட்ட ஓட்டல். வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். படித்தவனைப் படிப்பால் பிடி. அவன் உன் கோயிலுக்கு வரமாட்டான், நீ அவன் மேஜைக்குப் போ. பழைய ஊர்ப் பழக்கம் எதையும் அவனிடம் காட்டாதே, அவன் அதையெல்லாம் தாண்டி வந்தவன்.

ஓபிரி எல்லாவற்றையும் நம்பினார். டை கட்டக் கற்றார். ஓட்டலில் காலைச் சிற்றுண்டிக் கூட்டம் வைத்தார். முட்டை ஆம்லெட், பப்பாளி, விஞ்ஞானமும் விசுவாசமும் என்று ஒரு பேச்சு. வந்தவர்கள் ஆம்லெட்டைத் தின்றார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், கைகுலுக்கிப் போனார்கள். அடுத்த தடவை ஆம்லெட் தின்ன வேறு ஆட்கள் வந்தார்கள்.

கடைசியில் ஓபிரி கண்டுபிடித்தார், எல்லாம் ஒரே மனுஷரில் தொங்குகிறது என்று. துவுமாசி. மண்ணைப் பற்றிப் படித்து மண்ணைப் பற்றியே பாடம் நடத்துகிறவர். அவருடைய தகப்பனார் இதே பெத்தானியா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். மகன் மட்டும் தன் நிறுத்தம் வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்குகிற மாதிரி, சண்டையில்லாமல் சத்தமில்லாமல், கோயிலை விட்டு இறங்கிப் போனார். அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் உட்கார்வார்கள். வாழைத்தாரை வெட்ட ஒவ்வொரு காயாகவா வெட்டுவார்கள்? தண்டில் ஒரு வெட்டு போதும். துவுமாசிதான் தண்டு.

முதல் நாள் போனபோது, வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிற முறைப்படி துவுமாசி குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரைக் குடித்த பிறகுதான் வீட்டுக்காரர் "வந்த காரியம் என்ன?" என்று கேட்பார். "கெட்டது ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்துத்தான் வந்தவர் வாய் திறப்பார். எந்தக் குடிசையிலும் அப்படித்தான். ஆனால் துவுமாசி கொடுக்கும் முன் இரண்டு சொட்டு மண்ணில் விட்டார். ஓபிரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மன்னிக்கணும், என் விசுவாசம் இடம் கொடுக்காது" என்று இங்கிலீஷில் சொன்னார். துவுமாசி கோபப்படவில்லை. குடுக்கையை மதில் மேல் வைத்தார். நாற்காலியைக் காட்டினார். ஓபிரி உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். நாக்கு வறண்டபோது கோட்டுப் பையிலிருந்து தன் தண்ணீர் பாக்கெட்டை எடுத்து, மூலையைக் கடித்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு எப்போது போனாலும் கோட்டுப் பையில் பாக்கெட் இருக்கும். அதை அவர் பிரசங்கத்தில்கூடச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். சபை ஆமென் போட்டிருக்கிறது.

இப்படி எட்டு வருஷம் இலவு காத்தவர் முன்னால், தலைமை அலுவலகம் மாவுசியைக் கொண்டுவந்து இறக்கியது. சின்னப் பெண். தகுதிகாண் காலம் என்று நாலு மாதம். டை கிடையாது, ஆம்லெட் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை நடந்து போனாள். அடுத்த வெள்ளி அவளைக் காணோமே என்று துவுமாசி ஆள் விட்டுக் கேட்டார்.

அந்தச் செய்தியைக் கேட்ட அன்று ஓபிரி சாப்பிடவில்லை.

சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை மனைவி அதோமா நிமிர்ந்து பார்த்தாள். கெஜெட்டியா சந்தையில் துணி விற்கிறவள். வந்த ஆள் வாங்குகிறவனா விலை கேட்டுவிட்டுப் போகிறவனா என்று நடையிலேயே சொல்லிவிடுவாள். வாழைப்பழத் துண்டுகளை எண்ணெயில் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"என்ன, சீட்டியெல்லாம் பறக்குது? புரொஃபசர் ஞானஸ்நானம் வாங்கிட்டாரா?"

"அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சு. துவுமாசியோட சேந்து பூமிக்குத் தண்ணி வார்த்தா. கண்ணால பாத்தேன்."

"எங்கேருந்து பாத்தீங்க?"

"வெளிய இருந்து."

"வேலி வழியாவா?"

"வேலி வழியாத்தான். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. வேலி வழியா பாக்கறதுக்கு எங்க சந்தைல வேற பேரு இருக்கு, அதான்." ஒரு துண்டை எடுத்து ஊதி அவர் வாயில் வைத்தாள். "மூணு மாசமா நீங்க சரியா சாப்பிடல. தூக்கத்துல புரள்றீங்க. எவகிட்டயோ மனச விட்டுட்டீங்கன்னு நான் துணி மூட்டைக்குள்ள தலைய விட்டு அழுதேன். கடைசில பாத்தா அந்த நரைச்ச புரொஃபசருக்காகவா இவ்வளவு ஏக்கம்?"

"ஏக்கமில்ல. இது சத்தியத்தோட விஷயம்."

"சரி சரி. சத்தியத்துக்கு இன்னொரு துண்டு வேணுமா?"

ஓபிரி அவளுடைய கிண்டலைக் காதில் வாங்கவில்லை. அவர் மனசில் ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக வாசலை ஒட்டி சபைக்கு ஒரு சின்னக் கட்டிடம் உண்டு. வாசிப்பு அறை என்று பேர். அதன் சாவி எட்டு வருஷமாக அவர் வளையத்தில். அடுத்த மாதம் அந்த ஊழியத்தை நிரந்தரமாக யாருக்குக் கொடுப்பது என்று தலைமை முடிவு செய்யும். மூப்பர்கள் யாரைச் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான். மாவுசி மேல் குற்றம் நின்றுவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வோல்டா பக்கம் பஸ் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் காலையிலேயே மூப்பர் போன்சுவைப் போய்ப் பார்த்தார். போன்சு கோக்கோ வியாபாரத்தில் முதுகு வளைந்தவர், சபைக்குப் பெரியவர். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஓசோஃபோ, அது நல்ல பொண்ணு. நிச்சயமாத்தான் சொல்றீங்களா? மூட்டைய கட்டிட்டு அப்புறம் அவுக்க முடியாது."

ஊழியக்காரரை அந்த ஊரில் ஓசோஃபோ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை கேட்டதும் ஓபிரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"குடுக்க தலைகீழா இருந்துச்சு மூப்பரே. கர்த்தர் சாட்சி."

"சரி. ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு உக்காருவோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் மூப்பர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிமெண்டுத் தரை, ஒரு மேஜை, தலைக்கு மேல் நோஞ்சான் விசிறி. விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பாடகர் குழுப் பெண்கள் உடுப்பு மாற்றுகிற சாக்கில் நின்றார்கள். அதோமாவும் நின்றாள். அவளுக்குச் சாக்கும் தேவைப்படவில்லை.

மாவுசி நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு இல்லை. கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதைப் பார்த்தபோது ஓபிரிக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. "அப்பா" என்று அவள் துவுமாசியைக் கூப்பிட்டது ஞாபகம் வந்ததும் பாவம் போய்விட்டது.

போன்சு தொண்டையைக் கனைத்தபோது வெளியே ஒரு கார் நின்ற சத்தம் கேட்டது. பழைய பெஜோவின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. வாசலில் புரொஃபசர் துவுமாசி. ஒரு தோள் திறந்து துணி போர்த்தி, கையில் கைத்தடியோடு. கோயில் வளாகத்துக்குள் அவர் கால் வைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

ஓபிரியின் வாய் பிளந்தது. எட்டு வருஷமாக அவர் கண்ட கனவு இதுதான். துவுமாசி இந்த வாசலில் நிற்க வேண்டும். தினம் ராத்திரி ஜெபத்தில் கேட்டதும் இதுதான். வந்துவிட்டார். ஓபிரிக்காக அல்ல.

"வர்ற வெள்ளிக்கிழம வரமாட்டேன், உங்க வீட்டுத் தண்ணிக்காக என்னை விசாரிக்கறாங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லி அனுப்புச்சு," என்றார் துவுமாசி. "தண்ணி என் வீட்டுது. அதான் வந்தேன். தப்பா?"

போன்சு எழுந்துவிட்டார். பெரிய மனுஷர் வந்தால் விசாரணையாவது ஒன்றாவது, முறை முதலில். "உக்காருங்க, உக்காருங்க. ஓசோஃபோ, புரொஃபசருக்குத் தண்ணி."

அந்த அறையில் ஊழியக்காரர்தான் விருந்தாளியைக் கவனிக்க வேண்டும். ஓபிரி மூலையில் இருந்த குளிர்பெட்டியைத் திறந்து, தண்ணீர் எடுத்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வலது கையால் நீட்டினார். துவுமாசி வாங்கி, நிதானமாக, முக்கால் தம்ளர் குடித்தார். மிச்சத்தோடு தம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

"கேளுங்க ஓசோஃபோ," என்றார் போன்சு.

முறைப்படி கேட்க வேண்டியது ஓபிரிதான். "புரொஃபசர், இங்க எல்லாம் அமைதிதான். வந்த காரியம் என்னங்க?"

"கெட்டது ஒண்ணுமில்ல," என்றார் துவுமாசி, முறை தப்பாமல். "ஜெபம் பண்ண வரல. அத முதல்லயே சொல்லிடறேன். நடந்தத கேளுங்க, நடந்ததச் சொல்றேன். ஆனா முதல்ல பொண்ணு பேசட்டும். அவ வாய் என் வாயவிடப் பெருசு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போன்சு முறைத்தார்.

"மகளே, புரொஃபசர் வீட்ல தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்பா."

"குடுக்கறதுக்கு முன்னாடி அவர் மண்ணுல விட்டாரா?"

"விட்டாரு. அது அவர் தண்ணி, அவர் மண்ணு. என் கைக்கு வந்தத நான் கர்த்தருக்கு நன்றி சொல்லிட்டுக் குடிச்சேன்."

"மிச்சத்த என்ன பண்ணின?"

"மிச்சம் ஏதுப்பா?"

"ஏதுன்னா?"

"முழுசும் குடிச்சிருவேன். ஒரு சொட்டு விடமாட்டேன். மிச்சம் இருந்தாத்தான கேள்வி வரும்? ஊத்தினா உங்களுக்கு ஆகாது, ஊத்தலன்னா அவருக்கு ஆகாது. மிச்சமே இல்லன்னா யாருக்கு என்ன?"

"அந்தப் பெரிய குடுக்கையையா?" ஒரு மூப்பர் குறுக்கே கேட்டார். "அது ஒரு படி புடிக்குமே!"

"ஆமாப்பா. வயிறு மத்தளமாயிடும். அவங்க வீட்டுக் கழிப்பறைல எந்தெந்த ஓடு உடைஞ்சிருக்குன்னு என்னக் கேளுங்க, சொல்றேன்."

அறை குலுங்கியது. போன்சுகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். வெளியே அதோமாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஓபிரி மட்டும் சிரிக்கவில்லை.

"குடுக்க தலைகீழா இருந்துச்சே!" என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "நான் பாத்தேன். எல்லாரும் கைதட்டினாங்க. மண்ணுல ஊத்தாம எதுக்குக் கைதட்டணும்?"

துவுமாசி அவர் பக்கம் திரும்பினார். "அது நாங்க வாராவாரம் பண்ற கூத்து. முதல் நாளே கேட்டேன், ஏன் பொண்ணே மண்ணுக்குக் கொஞ்சம் வைக்கக் கூடாதான்னு. வெயில்ல நடந்து வந்தவ நான், மண்ணு நேத்து மழைய குடிச்சிட்டுச்சு, யாருக்குத் தாகம் அதிகம், நீங்க மண்ணு வாத்தியார்தான, சொல்லுங்கன்னு கேட்டா. என்ன பதில் சொல்ல? முப்பது வருஷம் மண்ணப் பத்திப் பாடம் நடத்தினவன், வாயடைச்சுப் போனேன். அதுலேருந்து அவ குடிச்சு முடிச்சதும் நான் குடுக்கைய கவுத்துக் காட்டுவேன். ஒரு சொட்டு விழுந்தா அவ தோத்தா. இன்னிவரைக்கும் விழல. அதுக்குத்தான் கைதட்டு." கைத்தடியால் வாசலைக் காட்டினார். "வேலியில இல தடிமனா இருக்கும். வாசல் திறந்துதான் கிடக்கு, மிஸ்டர் ஓபிரி."

இந்தப் பேச்சு முழுவதும் தாய்மொழியில் நடந்தது. மிஸ்டர் மட்டும் இங்கிலீஷில் நின்றது. அந்த ஒரு வார்த்தைதான் ஓபிரியைக் கிளப்பிவிட்டது.

"வாசல்!" என்றார். "எட்டு வருஷமா அந்த வாசல் வழியாத்தான் வந்தேன் புரொஃபசர்! மழைல வந்தேன், காய்ச்சலோட வந்தேன். எத்தன புஸ்தகம் படிச்சேன் உங்களுக்காக. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்த காரியம் என்னன்னு என்னை நீங்க கேட்டதுண்டா? இவ நேத்து வந்தவ. இவளுக்கு ஆள் விட்டுக் கேக்கறீங்க. எங்கிட்ட என்ன குறை?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மூப்பர்கள் தங்கள் முழங்கால்களைப் பார்த்தார்கள். மாவுசி தலையைக் குனிந்துகொண்டாள்.

துவுமாசி தம்ளரை மடியில் மெல்லத் திருப்பினார்.

"எப்படிக் கேப்பேன்?" என்றார். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் மாதிரி இருந்தார். "தண்ணி குடிக்காதவங்ககிட்ட வந்த காரியம் கேக்கற வழக்கம் உண்டா? என் தகப்பன் உங்க கோயில் உபதேசியார்தான். அவரும் அப்படிக் கேட்டதில்ல. அந்தச் சொட்டுதான் உங்களுக்கு ஆகலன்னா, அதச் சொல்லி, மண்ணுல விடாத தண்ணி குடுங்கன்னு கேட்டிருக்கலாம். பானை பக்கத்துலதான் இருந்துச்சு. நீங்க பையிலேருந்து பாக்கெட்ட எடுத்தீங்க. என் வீட்டு நாற்காலில உக்காந்து உங்க தண்ணிய குடிச்சீங்க. ஒவ்வொரு தடவையும் பாப்பேன், இன்னிக்காவது பாக்கெட் வராம இருக்குமான்னு. வரும். சரி, மனுஷன் இன்னும் வந்து சேரலன்னு நினைச்சுக்குவேன்."

"நான் உள்ளதான் உக்காந்திருந்தேன்."

"உக்காந்தீங்க," என்றார் துவுமாசி.

ஓபிரியின் கை தன்னையறியாமல் கோட்டுப் பையைத் தொட்டது. இன்றைக்கும் அங்கே ஒரு பாக்கெட் இருந்தது. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக, ஒரு தவளையைப் பிடித்த மாதிரி கொழகொழவென்று. படித்தவன் பழைய பழக்கத்தையெல்லாம் தாண்டி வந்தவன் என்று சொல்லிக் கொடுத்த அக்ரா ஓட்டல் பயிற்சிக்காரர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு அதுவும் அடங்கியது. அவர்கள் வெளியூர்க்காரர்கள். இவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? இவர் அம்மா வீட்டில் கடன் கேட்க வந்தவனுக்குக்கூட முதலில் தண்ணீர்தான்.

மூப்பர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். நேரம் பிடிக்கவில்லை.

"பொண்ணு மேல குத்தமில்ல," என்றார் போன்சு. "அதோட இன்னொண்ணு. பல்கலைக்கழக ஊழியத்துக்கு நாங்க மாவுசி பேரத்தான் சொல்லி அனுப்பப் போறோம். ஓசோஃபோ, உங்களுக்கு ஆஸ்பத்திரி ஊழியம். அதுவும் பெரிய வேலதான், குறைச்சலா நினைக்காதீங்க. அந்த வாசிப்பு அறைச் சாவி…"

அவர் முடிக்கவில்லை. ஓபிரி வளையத்தை எடுத்தார். எட்டு வருஷத்தில் சாவி வளையத்தோடு ஒட்டிப் போயிருந்தது. நகம் உடைய நெம்பினார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர் கத்தியிருப்பார். கடைசியில் சாவி கழன்று மாவுசியின் உள்ளங்கையில் விழுந்தது.

"கதவ கொஞ்சம் தூக்கித் திறக்கணும்," என்றார். "கீல் சரியில்ல."

"சரிங்கய்யா."

எல்லோரும் எழுந்தார்கள். துவுமாசியும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். கையில் கால் தம்ளர் தண்ணீர். பழக்கத்தில் குனிந்து தரையைப் பார்த்தார். சிமெண்டு. சுற்றிலும் மூப்பர்கள். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"இங்க இத எங்க ஊத்தறதுன்னு எனக்குத் தெரியல, ஓசோஃபோ," என்றார். தம்ளரை ஓபிரியின் கையில் வைத்தார். "உங்க வீடு. நீங்க பாத்துக்கங்க."

ஓசோஃபோ. மிஸ்டர் இல்லை. அந்த வார்த்தையை வாங்கிக்கொள்வதற்குள் மனுஷர் வாசலைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே மாவுசி. வெளியே அவளுடைய சிரிப்பு மறுபடி கேட்டது. சொத்தைப் பல் விண்ணென்றது.

ஓபிரி தம்ளரோடு வெளியே வந்தார். வெயில் அடித்தது. வளாகம் முழுக்கச் செம்மண். எங்கே ஊற்றுவது? மண்ணில் ஊற்றினால், அந்தக் குற்றத்துக்காக இப்போதுதான் ஒரு பெண்ணை விசாரணையில் நிறுத்தியவர் இவர். சுவரோரம் பூந்தொட்டி இருந்தது. அதிலும் மண்தான். குழாயடியில் கொட்டலாம் என்று போனார். அங்கே பாடகர் குழுப் பெண்கள் வரிசையாக நின்று அவரையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீரும் ஓடிப் போய் மண்ணில்தான் விழுந்துகொண்டிருந்தது. திரும்பினார். படியில் போன்சு நின்றிருந்தார்.

"என்ன ஓசோஃபோ, கையில?"

"தண்ணி, மூப்பரே."

"அது தெரியுது."

துவுமாசி குடித்து வைத்த தண்ணீர். தம்ளர் விளிம்பில் அவர் உதட்டுத் தடம் ஈரமாக இருந்தது. ஓபிரி அதைப் பார்த்தார். பெஜோவின் பின் இருக்கையில் மாவுசி ஏறி உட்கார்வதைப் பார்த்தார். மரத்தடியில் அடுத்த வெள்ளியும் சாறு கொதிக்கும், பலகையில் கொட்டை விழும். அவரை யாரும் கூப்பிடவில்லை. வயிற்றில் அந்தப் பழைய தீ எழும்பி நெஞ்சுவரை வந்தது. அந்தத் தீயின் மேலேயே ஓபிரி அண்ணாந்து தண்ணீரை ஊற்றினார். ஒரே மடக்கு.

கார் நகர்ந்தது. ஜன்னலில் மாவுசியின் தலை நீண்டது.

"முழுசாங்கய்யா?"

ஓபிரி தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். செம்மண்ணில் ஒரு சொட்டும் விழவில்லை. காருக்குள்ளிருந்து ஒற்றைக் கைதட்டு கேட்டது. கிழவருடைய கை.

அதோமா வந்து தம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இருபது வருஷமா நான் குடுக்கற தண்ணில பாதி வெச்சுட்டு எழுந்திருப்பீங்க," என்றாள். "அந்த மனுஷன் எச்சில்னா மட்டும் சொட்டு விடாம இறங்குது. நடங்க வீட்டுக்கு."